கட்டைவிரலுக்கு வரும்வரை

அவளுக்குச் சுருக்கம் ஆகாது. சட்டையில் ஆகட்டும், படுக்கை விரிப்பில் ஆகட்டும், பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆளின் காலரில் ஆகட்டும், ஒரு மடிப்பு தப்பாக விழுந்திருந்தால் அவள் கை தானாக நீளும். ஒருமுறை அப்படித்தான் ஒருவரின் காலரை நீவிவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போனாள். பதினாறு வருஷம் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றவளுக்கு வேறு எப்படி வரும்? கூட வேலை பார்க்கிறவர்கள் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் பெயிண்டர். எதையும் மறக்காத ஆள். எந்த வீட்டுக்கு எந்த வருஷம் என்ன நிறம் அடித்தான், டப்பாவில் போட்டிருந்த எண் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவளை முதல்முதலாகப் பார்த்த அன்று அவள் போட்டிருந்த உடுப்பின் நிறத்தைக்கூட எண் போட்டுத்தான் சொல்வான். அவள் கேட்டுக் கேட்டுச் சிரித்த கதை அது.

நான்கு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி சுவருக்கு வண்ணம் அடித்தவன், ஒரு வீட்டின் கூடத்துக்குள் கூரைக்கு வெள்ளை அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தான். எட்டடி உயரம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானையாவது விழுந்தால் நாலு பேர் வேடிக்கை பார்க்கவாவது வருவார்கள். இவன் விழுந்து கிடந்ததை அந்த வீட்டுக்காரர் வந்து பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் கூரையில் தான் அடிக்காமல் விட்ட மூலையையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னான்.

கழுத்தெலும்பு ஒன்று நொறுங்கி உள்ளே போகிற தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு குண்டூசியை எடுத்து உடம்பெல்லாம் தொட்டுப் பார்த்தார். தொட்டால் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். கழுத்தில் தெரியுது என்றான். தோளில் தெரியுது என்றான். கையில் எங்கோ ஒரு ஓரத்திலும் தெரியுது என்றான். மடிப்பக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பாதத்துக்கு வரும்போது அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில், கையில் எந்த இடம் என்று அவள் கவனிக்கவில்லை. பாதத்துக்கு வந்தபோது அவன் வாயே திறக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: தோள் அசையும். முழங்கை மடங்கும். வலது மணிக்கட்டைப் பின்பக்கமாகத் தூக்க முடியும், இறக்க முடியாது, அது தானாக விழுந்தால்தான் உண்டு, இடதில் அதுவும் இல்லை. விரல்கள் இல்லை. நெஞ்சுக்குக் கீழே எதுவும் இல்லை. எலும்பு அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தது, தசை இருந்தது, மூட்டு இருந்தது. மூளையின் சொல் மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. வாடகை வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போனால் விளக்கெல்லாம் அப்படியே தொங்குமே, அந்த மாதிரி என்று அவனே ஒருநாள் சொன்னான்.

அவனுக்கு இதில் எது பெரிய துக்கம் என்று கேட்டால் நடக்க முடியாததைச் சொல்லமாட்டான். மூத்திரம் தானாக வராது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்தார், பிறகு மடிப்பக்கா கற்றுக்கொண்டாள். குழாயை எடுத்தாலே அவன் கண்ணையும் வாயையும் மூடிக்கொள்வான். முடிந்த பிறகும் நெடுநேரம் திறக்கமாட்டான். பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவள் முன்னால் என்ன கூச்சம் என்று அவள் கேலியாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு வாய்த்த நல்லது என்றால் அது பிசியோதான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர், எல்லோரும் பிசியோ, பிசியோ என்று கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. முப்பது வயதிருக்கும், ஏழு மாதக் கர்ப்பம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் நடப்பார். டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால், தான் டாக்டர் இல்லை, டாக்டர் கையைக் கழுவின பிறகு வருகிற ஆள் என்பார்.

முதல் வாரம் மடிப்பக்காவுக்குக் கால் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வாரம் தோளைச் சொல்லிக்கொடுத்தார். மூட்டு என்பது கதவின் கீல் போல, திறந்து மூடாவிட்டால் இறுகிப்போகும், ஆகையால் தினம் ஒருமுறையாவது ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்ட வேண்டும் என்றார். அவள் அதைப் பாடமாகவே படித்துவிட்டாள். இடுப்பு, முழங்கால், கணுக்கால், தோள் என்று ஒன்றுவிடாமல் செய்துகாட்டினாள். அக்கா என் வேலைக்கே உலை வைத்துவிடுவார் போலிருக்கிறது என்று பிசியோ சொல்லிச் சிரித்தார்.

மூன்றாம் வாரம் கை. ஆனால் மூன்றாம் வாரம் சலவைக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. இனியும் வராவிட்டால் வேறு ஆளைப் போடவேண்டியிருக்கும் என்று மேற்பார்வைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அவள் போனாள். அன்றைக்குத்தான் பிசியோ அவன் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பற்றிச் சொன்னார். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது, விழுந்த நாளிலிருந்து முதல்தடவையாக அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"கை புடிக்குமாம்," என்றான். "ஆறேழு மாசத்துல. குழாயை நானே போட்டுக்கலாமாம். நீ ஓடி ஓடி வர வேணாம்."

எப்படி என்று அவள் கேட்டாள். அவன் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து நர்ஸ் குழாயோடு வந்தார். அவன் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டான், அந்தப் பேச்சு அதோடு நின்றது. மறுநாள் பிசியோவுக்கு முன்கூட்டியே வலி எடுத்துப் பிள்ளை பிறந்துவிட்டது, அவர் விடுப்பில் போனார். அதற்கு மறுநாள் கட்டில் வேண்டும் என்று இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நாள் பார்த்து வைத்ததுபோல் நடந்தது. நாசமாய்ப் போகிற காரியங்கள்தான் எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடக்கும்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். முன்னறை, பின்னறை, சமைக்க ஒரு மூலை. சலவைக்கூடம் இரண்டு தெரு தள்ளி. காலை ஆறு மணிக்குக் குழாய் போட்டுவிட்டு, அவனைத் துடைத்து, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, இடக்கையை நாற்காலியின் பின்கம்பியில் கொக்கிபோல் மாட்டிவிட்டுப் போவாள். இடுப்புக்கு மேல் பிடிமானம் இல்லாதவன் அந்தக் கையை எடுத்தால் சரிந்துவிடுவான். அதனால் எந்தக் காரியமானாலும் மிச்சமிருக்கிற ஒற்றைக் கையால்தான் ஆக வேண்டும். பத்து மணிக்கு ஓடிவந்து குழாய். இரண்டு மணிக்கு ஓடிவந்து குழாய். மேற்பார்வைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவள் உட்காருகிற நேரம் என்று ஒன்று இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து முகம் கழுவிய பிறகு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை அவனுடைய விரல்களுக்கு என்று ஒதுக்கினாள்.

ஏனென்றால் விரல்கள் சுருண்டுகொண்டு வந்தன. கை மடியில் கிடக்கும்போது நாலு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியே கிடந்தன. சுருக்கம் ஆகாதவள் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? மூட்டை நீட்டாவிட்டால் இறுகிப்போகும் என்று பிசியோ சொன்னது காதில் இருந்தது. கை பிடிக்கும் என்று அவன் சொன்னது நெஞ்சில் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். விரலை நீட்டி நீட்டி விட்டால் ஒருநாள் உயிர் வந்துவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்போது, விரல் எம்மாத்திரம்?

மேசைமேல் துண்டை நாலாக மடித்துப் போடுவாள். அவன் வலக்கையைத் தூக்கி உள்ளங்கையைத் துண்டின்மேல் பதியவைப்பாள். முன்கை நேராக நிற்கும், மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியிருக்கும். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக நீட்டி, தன் உள்ளங்கையால் அழுத்தி, காலரைப் படியவைப்பது போல நுனிவரைக்கும் தேய்த்துவிடுவாள். ஒரு விரலுக்கு ஐம்பது முறை. அப்போதுதான் அவள் பேசுவாள். சலவைக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, யாருடைய சட்டைப்பையிலிருந்து யாருடைய காதல் கடிதம் வந்தது, மேற்பார்வைக்காரரின் தலைச்சாயம் மழையில் ஒழுகின கதை எல்லாம் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரலுக்குள் முடிந்துவிடும். கட்டைவிரலுக்கு வரும்போது பேச்சு தீர்ந்திருக்கும், அவள் சும்மா தேய்த்துக்கொண்டிருப்பாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். பாவம், அசதி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு நாலு விரலோடு எழுந்து ஓடினாள். திரும்பி வந்து துண்டை எடுத்து மடித்தாள். கட்டைவிரலை விட்டுவிட்டாய் என்று அவன் சொன்னான். கணக்கில் கெட்டிக்காரர்தான், ஐம்பது என்றால் ஐம்பது இருக்க வேண்டும் என்று அவள் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, காலையில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது ஒரு விஷயம் நடந்தது. அவன் மணிக்கட்டைத் தூக்கினான். தூக்கிய கையோடு படுக்கை விரிப்பின் ஓரமும் எழும்பி வந்தது. விரல்கள் விரிப்பைக் கவ்வியிருந்தன. அவன் அதையே பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் பயந்துபோனாள். கை இறுகத் தொடங்கிவிட்டது, தான் அழுத்துவது போதவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து ஐம்பதை நூறாக்கினாள். உட்கார்ந்து அழுத்தியவள் எழுந்து நின்று உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினாள். அவன் ஏதோ சொல்ல வந்ததுபோல் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு துண்டைப் பார்த்தான். அடுத்த மாதத்துக்குள் விரல்கள் அழகாக நீண்டுவிட்டன. மடியில் கை கிடந்தால் போட்டோவுக்கு வைத்ததுபோல் நேராகக் கிடந்தது. மடிப்பக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

நாலாம் மாதம் பிசியோ வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று தகவல் வந்தது. அவள் அரை நாள் விடுப்புக் கேட்டு, வாடகை வண்டி பிடித்து, அவனுக்குத் தானே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக் கூட்டிப்போனாள்.

பயிற்சி அறையில் நீளக் கண்ணாடி, இரண்டு கம்பித் தடுப்பு, சுவரில் கப்பி, ஓரத்தில் மெத்தை போட்ட அகல மேசை. பிசியோ இளைத்திருந்தார், தூக்கமில்லாத கண். ஆனாலும் இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிள்ளை என்ன பிள்ளை, யார் ஜாடை என்பதெல்லாம் ஆயிற்று. பிறகு ஒரு சின்னப் பிளாஸ்டிக் தம்ளரைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணே, மணிக்கட்டைத் தூக்குங்க பாப்போம்."

அவன் தூக்கினான். முன்கையில் தசை திரண்டு எழும்பியது, மணிக்கட்டு வாகாக மேலே போனது. விரல்கள் போகவில்லை. அவை இருந்தபடியே விரிந்து தொங்கின. தம்ளர் உருண்டு தரையில் விழுந்து கம்பித் தடுப்புக்கு அடியில் போய் நின்றது.

பிசியோ அதை எடுக்கவில்லை. அவன் கையைத் தூக்கிப் பிடித்து, சுண்டுவிரலைப் பின்பக்கமாக மெல்லத் தள்ளிப் பார்த்தார். அது தடையில்லாமல் போயிற்று. மோதிரவிரலும் போயிற்று. யார் இந்த விரல்களை நீட்டிவிட்டது என்று கேட்டார்.

நான்தான் என்றாள் மடிப்பக்கா. ஒரு நாள்கூட விட்டதில்லை, முதலில் ஐம்பது, அப்புறம் நூறு என்றாள். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னாள். இதை எழுதும்போதும் அந்த நிமிர்வை நினைத்தால்தான் தாங்கவில்லை.

பிசியோ முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அவளுடைய வலக்கையைப் பிடித்து, முழங்கையை மேசைமேல் ஊன்றச் சொல்லி, கையைத் தளர்த்தி மணிக்கட்டை முன்னால் தொங்கவிடச் சொன்னார். தொங்கவிட்டாள். விரல்கள் தாமாக நீண்டன. இப்போது விரலுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் மணிக்கட்டை மட்டும் பின்னால் தூக்கச் சொன்னார். தூக்கினாள். அவள் எதுவும் செய்யாமலே விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கின, கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலை ஒட்டிக்கொண்டது. முப்பத்தாறு வருஷமாக அந்தக் கை அவளோடு இருக்கிறது. அது இப்படிச் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

"விரலை மடக்கற தசை விரல்ல இல்லக்கா," என்றார் பிசியோ. "முழங்கைகிட்ட இருக்கு. அங்கிருந்து கயிறு மாதிரி நீளமா இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிக்குப் போகுது. மணிக்கட்டைப் பின்னால தூக்கினா கயிறு போற தூரம் கூடுது. கயிறு பத்தாம விரலை இழுத்துக்குது. அண்ணனுக்கு அந்தத் தசை செத்துப்போச்சு. ஆனா கயிறு அங்கேயேதான் இருக்கு. மணிக்கட்டைத் தூக்கற தசையும் உயிரோட இருக்கு. அதனால அந்தக் கயிறு கொஞ்சம் கட்டையா, இறுக்கமா ஆகணும். ஆனாத்தான் அவர் மணிக்கட்டைத் தூக்கினா விரல் மூடும், இறக்கினா திறக்கும். உயிரே இல்லாத விரலால ஒருத்தர் தம்ளரைப் புடிக்கலாம், பேனா புடிக்கலாம், குழாய் போட்டுக்கலாம். நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்."

"இறுக்கமா," என்று மடிப்பக்கா மெல்லச் சொன்னாள்.

"மணிக்கட்டும் பின்னால, விரலும் நேரா, ரெண்டையும் ஒண்ணா மட்டும் நீட்டவே கூடாது. நீட்டினா கயிறு தொய்ஞ்சிடும்."

தொய்ந்த கொடிக்கயிறு என்ன ஆகும் என்று சலவைக்கூடத்துக்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் அவள் கேட்டாள், திரும்ப இறுகுமா என்று. விரல்களை மடக்கினபடியே ஒட்டுப்பட்டை போட்டு மாதக்கணக்கில் கட்டிவைத்துப் பார்க்கலாம், சிலருக்குக் கொஞ்சம் இறுகும், பலருக்கு இறுகாது, பொய் சொல்ல மனசு வரவில்லை என்றார் பிசியோ. படுக்கை விரிப்பு கையோடு எழும்பி வந்ததை அவள் சொன்னாள். சொல்லச் சொல்லவே அது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்துவிட்டிருந்தது. அவனுடைய கை அன்றைக்கே வந்துவிட்டிருந்தது. வந்ததை அவள்தான் எழுந்து நின்று அழுத்தி அனுப்பியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் யாரையோ சொல்லக் கேட்டிருக்கிறாள், தன்னைத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது.

பிசியோவுக்கும் கண் நிறைந்துவிட்டது. தப்பு தன்மேல்தான், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "ஆனா அண்ணே, உங்ககிட்ட சொன்னேனே. நீட்டவே கூடாதுன்னு செஞ்சுகூடக் காட்டினேனே."

"ஞாபகம் இல்லைங்க," என்றான் பெயிண்டர்.

மடிப்பக்கா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த சுவரின் வண்ண எண்ணைச் சொல்கிறவன். அவன் அவளைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் குழாய் போட்டாள். அவன் வழக்கம்போலக் கண்ணை மூடினான். கை கழுவிவிட்டு வந்து, நாற்காலியை மேசைக்கு அருகே தள்ளி, எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்காருகிற நேரம்தான் அது. மடிக்காத துண்டு மேசையில் கிடந்தது.

"அவங்க சொன்னாங்கதானே?"

சொன்னாங்க என்றான் அவன்.

"செஞ்சு காட்டினாங்கதானே? விரிப்பைப் புடிச்சப்ப அது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுதானே?"

அவன் தலையாட்டினான். அவளுக்கு அப்போது வந்த கோபத்துக்கு, எதிரே இருந்தவன் முழு ஆளாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். நான் என்ன பாவம் செய்தேன், என் கையாலேயே இதைச் செய்ய வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தீர்களே என்று கேட்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"முதல் நாளே சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றான். "நீ சுண்டுவிரல்ல ஆரம்பிச்சே. யாரோட கையையோ நீ தேய்க்கற மாதிரி இருந்துச்சு. நாலு விரல் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. கட்டைவிரலுக்கு வந்தே." மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தான். "தெரிஞ்சுது."

அவளுக்கு விளங்கவில்லை.

"எனக்குக் கையில கட்டைவிரல் மட்டும்தான் தெரியும். உன் கை சூடா இருந்துச்சு. மத்த நேரமெல்லாம் நீ என்னைத் துடைக்கறே, புரட்டறே, குழாய் போடறே. எல்லாம் வேலை. எனக்குத் தெரியாத இடத்துலயே நடக்கற வேலை. இது ஒண்ணுலதான் நீ உக்காந்து, சிரிச்சுப் பேசி, கடைசில... நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். தினமும் நாளைக்குன்னுதான் இருந்தேன்."

"விரிப்பைப் புடிச்ச அன்னிக்கு?"

"அன்னிக்குக் கட்டாயம் சொல்லணும்னு இருந்தேன். நீ நூறுன்னுட்டே."

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அழுகை அதாகவே நின்றுவிட்டது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். "கையைப் புடிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை. மடங்கின கையையே புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனே. விடிய விடிய உக்காந்திருப்பேனே."

அவன் பதில் சொல்ல முயன்றான். உதடு கோணியது. கேட்கத் தெரியவில்லை என்று சொன்னான், அல்லது அப்படித்தான் அவளுக்குக் கேட்டது. கன்னத்தில் வழிந்ததை அவனால் துடைத்துக்கொள்ள முடியாது. அவள் துடைத்துவிட்டாள், ஆனால் துடைத்த பிறகு கையை எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒட்டுப்பட்டை. காலையில் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, பிசியோ காட்டியபடி குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று ஒட்டுவாள். சாயங்காலம் தோல் புண்ணாகாமல் இருக்கக் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுவாள். சலவைக்கூடத்தில் மூன்றாம் நாளே ஒரு முழுக்கைச் சட்டையைச் சுருக்கத்தோடு மடித்து அடுக்கிவிட்டாள். மடிப்பக்காவுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். கண்ணில் படவில்லை என்றாள். பத்து மணிக்கு ஓடினாள், இரண்டு மணிக்கு ஓடினாள்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒரு சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பட்டையை அவிழ்த்தாள். தம்ளரைத் தேடி எடுக்க மனம் வரவில்லை. தன்னுடைய ஆள்காட்டி விரலை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"தூக்குங்க," என்றாள்.

அவன் தூக்கினான். முன்கையில் தசை எழும்பியது. மணிக்கட்டு மேலே போயிற்று, எவ்வளவு போக முடியுமோ அவ்வளவும் போயிற்று, கை நடுங்கியது. விரல்கள் கொஞ்சம் வளைந்து அங்கேயே நின்றன. அவள் விரலைத் தொடவில்லை. மறுபடி தூக்கச் சொன்னாள். மறுபடியும் தூக்கினான். அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

தன் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவனுடைய சுண்டுவிரலை மடக்கித் தன் விரலைச் சுற்றி வைத்தாள். பிறகு மோதிரவிரலை. பிறகு நடுவிரலை. ஆள்காட்டி விரலை மடக்கும்போது அன்றைய சலவைக்கூடத்துக் கதை எதையாவது சொல்லலாமா என்று நினைத்தாள், ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியாகக் கட்டைவிரலைப் பிடித்து மேலே பொருத்தி, அது நழுவாமல் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அவன் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"தெரியுது," என்றான்.